லோகுவுக்கு மாலை போட்ட வருசம்

பையனைக் கார்லயே உக்கார வெச்சுட்டு வந்திருக்கீங்களாக்கும். இருக்கட்டுங்க. எங்கிட்ட வர்ற அப்பனுக எல்லாருமே மொதல்ல தனியாத்தான் வருவாங்க. குருசாமி எப்புடிப்பட்ட ஆளுன்னு ஒருக்காப் பாத்துட்டு, அப்பறமாப் பையனை எறக்கலாம்னு. உக்காருங்க. அந்தச் சேர் ஆடுமுங்க, இதுல உக்காருங்க. அவிநாசியில இருந்தா வர்றீங்க? ஆரு சொன்னாங்க என்னையப் பத்தி? ஓ, தறிக்காரன் பொன்னானா. அவனுக்கு மாலை போட்டதே நாந்தானுங்க. காலையில பல்லு வெளக்கறதுக்கு முந்தியே குடிக்கறவன். மாலை கழுத்துல ஏறுச்சு, அன்னைக்கு விட்டவன்தான். அவன் சம்சாரம் இன்னைக்கும் என்னையக் கண்டா ரோட்லயே செருப்பைக் கழட்டிட்டுக் கும்புடும்.

இந்தப் பல்லடம் வட்டாரத்துல அந்த மாதிரி எத்தனை பேருங்கறீங்க. பதினெட்டு வருசம் மலைக்குப் போயி, சன்னிதானத்துல தென்னம்பிள்ளை வெச்சு, குருசாமி ஆனவன் நான். ஒரு குடிகாரனைக் கூட்டிட்டு வந்து நிறுத்துனா, டாக்டரு மாதிரி ஆயிரம் கேள்வி கேக்கறதில்லைங்க. போய்க் குளிச்சுட்டு வாடான்னுவேன். கருப்பு வேட்டி கட்டுன்னுவேன். மாலையைப் போட்டு விட்டன்னா, அந்தச் சாமிக்குப் பயந்துக்கிட்டு எல்லாமே நின்னு போயிருமுங்க. கழட்டுன அன்னைக்கே கடைக்கு ஓடறவனும் இருக்கான், இல்லைங்கல. அது அவன் விரதத்துல ஏதோ கொறை.

உங்க பையனுக்குக் குடிதானுங்களே?

இல்லையா. ஓ. ஊசியா. அந்த வலி மாத்திரையா.

சரி. சரிங்க. அப்பிடின்னா நீங்க எங்க லோகு சமாச்சாரத்தை எங்கிட்டயே கேட்டுக்கறது நல்லது. ஊருக்குள்ள ஒருத்தன் ஒண்ணு சொல்லுவான், இன்னொருத்தன் ஒண்ணு சொல்லுவான். எம் மருமகளும் ஒரு பக்கம் சொல்லிட்டுத் திரியுது. நடந்தது நடந்தபடி நான் சொல்றேன், நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க.

லோகநாதன்னு பேரு. எங்களுக்கு ஒரே பையனுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். பைக்ல போறப்ப விழுந்து இடுப்புல அடி. வலிக்குன்னு ஒரு டாக்டரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. வலி போயிருச்சு, ஆனா மாத்திரையை விட முடியல. அதுக்கப்பறம் கம்பெனியில சேர்ந்த சேர்க்கை, அதையே ஊசியில ஏத்திக்கறாங்களாமுங்க. இதெல்லாம் எங்களுக்கு எங்க தெரியும்? சித்திரை வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுட்டுத் திரிஞ்சான், அப்பவாவது நான் சூதானமா இருந்திருக்கோணும். மருமகதான் ஒருநாள் கையைப் பாத்துட்டு வந்து அழுதுச்சு. மைதிலின்னு பேரு. நல்ல புள்ளைதான், அப்ப.

நான் அடிச்சனுங்க. ஏன் பொய் சொல்லோணும். பெல்ட்டுலயே அடிச்சேன். இவங்கம்மா குறுக்க விழுந்தா. அவளுக்கும் ஒண்ணு பட்டுச்சு. அப்பறம் மறுவாழ்வு மையம்னு ஒரு எடத்துல கொண்டுபோய் விட்டோம். அங்கயும் அடிதானுங்க. வந்த வாரமே மறுக்காப் போட்டுட்டான்.

அப்பத்தான் மைதிலி ஆரைக் கேட்டுச்சோ, பெரியாஸ்பத்திரிக்குள்ள இருக்கற சென்டருக்கு அவனைக் கூட்டிட்டுப் போச்சு. தெனமும் காலையில போகோணும். ஒரு நர்ஸம்மா மாத்திரையை நாக்குக்கு அடியில வெக்கும். கரையற வரைக்கும் பேசாம உக்காந்திருந்து, வாயைத் தெறந்து காட்டிட்டு வரோணும். நம்ம பசங்களை நம்பறதில்லை போல. வியாழக்கெழமையானா, அங்க ஒரு கவுன்சிலிங்கம்மா எல்லாப் பசங்களையும் வட்டமா உக்கார வெச்சுப் பேசுமாம். என்னத்தைப் பேசுவீங்கடான்னு கேட்டேன். "ஒண்ணுமில்லீங்ப்பா, அந்த வாரம் எப்பப் போடோணும்னு தோணுச்சு, எப்புடி விட்டோம்னு சொல்லுவோம்"ங்கறான். எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. திருட்டுப் பசங்க நாலு பேரு கூடி, இன்னைக்கு நான் திருடலைன்னு சொல்லிக்கற மாதிரி இல்லைங்களா?

ஆனா ஒண்ணு. தேறிட்டான். அதை மறைக்கக்கூடாது. சோறு தின்னான். ஒடம்பு வெச்சுது. கம்பெனியில மறுக்காச் சேத்துக்கிட்டாங்க. புள்ளையை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டான். இவங்கம்மா சமையக்கட்டுல பாட்டே பாடுனா. எல்லாஞ் சரி. எத்தனை நாளைக்கு? அதைத்தான நானுங் கேட்டேன். நேராப் போயி அந்த டாக்டரையே கேட்டனுங்க. சின்ன வயசு டாக்டரு. "ஒரு வருசம் ஆகலாங்க, ரெண்டு வருசம் ஆகலாம், மேலயும் ஆகலாம். சக்கரைக்கு மாத்திரை சாப்பிடற மாதிரி நெனச்சுக்குங்க"ன்னு எம் மூஞ்சிக்கு நேராச் சொல்றாரு. ஒரு போதையை விடறதுக்கு இன்னொரு மருந்தை வருசக்கணக்காத் திங்கறதுன்னா, அதுக்குப் பேரு விட்டதா?

சித்தெ இருங்க. சம்பூர்ணம்! அந்தச் சக்கரை மாத்திரையைக் கொண்டா, சாப்பாட்டு நேரமாச்சு. ஒருவேளை விட்டாப் போதும், தலை கிர்ருன்னு சுத்துமுங்க. பத்து வருசமா முழுங்கறேன். விரதத்துலயும் நிறுத்தறதில்லை. அது நோவுக்குங்க. அதுவேற.

எங்க விட்டேன்? ஆங், டாக்டரு. அப்பறம் ஐப்பசியில ஒரு கல்யாணம். பந்தியில உக்காந்திருக்கறப்ப எங்க பங்காளி ஒருத்தன், நாலு பேரு கேக்கற மாதிரி, "என்னுங்கண்ணா, லோகுவைத் தெனமும் பெரியாஸ்பத்திரி வரிசையில பாக்கறனே, என்ன நோவு?"ங்கறான். அந்த வரிசை எதுக்குன்னு அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேக்கறான். பாதிச் சோத்துலயே எலையை மூடிட்டு எந்திரிச்சுட்டேன். ஊருக்கெல்லாம் மாலை போட்டுத் திருத்தறவன் பையன், ஊசி போடற பசங்க வரிசையில நிக்கறான். நீங்க நாளைக்கு எங்கிட்ட உங்க பையனைக் கூட்டிட்டு வருவீங்களா? சொல்லுங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அடுத்தவன் பையனுக்கெல்லாம் போடற மாலை எம் பையனுக்கு மட்டும் பலிக்காமப் போயிருமா?

கார்த்திகை ஒண்ணாந்தேதி விடியால. குளிச்சுட்டு வந்து நின்னான். மாலையை நான் கையில எடுத்தவுடனே சொன்னான், "அப்பா, மாத்திரையை நிறுத்தறதுக்கு முந்தி டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்ப்பா. படிப்படியாத்தான் கொறைக்கோணும்னு சொல்லியிருக்காங்க." அய்யப்பனை விட உங்க டாக்டரு பெரியவராடான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். போட்டு விட்டுட்டேன். மைதிலி ஓடி வருது. "மாமா, அது போதை இல்லீங்க மாமா, மருந்து. நீங்க சக்கரை மாத்திரையோட மலைக்குப் போறதில்லையா?" எப்புடி வாய் பாருங்க. நான் எதிர்த்துப் பேசலை. நல்ல நாளு. பெட்டியைக் கட்டு அம்மிணி, உங்கம்மா ஊட்டுக்குப் போய் இருன்னேன். வயசுப் பொண்ணு, நாள்தூரம் ஆகறவ, சாமி இருக்கற ஊட்ல இருக்கக் கூடாதில்லைங்க? எல்லா ஊட்லயும் பண்றதுதான். புள்ளையையும் கூட்டிட்டுப் போயிருச்சு. மைதிலி குரலைக் கேட்டா இவன் மனசு அலையும்னு இவன் போனை நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். வியாழக்கெழமைக் கூட்டமும் நின்னுச்சு. பொம்பளைக நடுவுல, கண்ட பசங்களோட உக்காந்து கண்டதைப் பேசறதுக்கா மாலை போட்டான்?

ரெண்டாம் நாள்ல இருந்து ஆரம்பிச்சுதுங்க. கொட்டாவி. கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி. வேர்த்து ஊத்துது, அப்பறம் குளுருதுங்கறான். ஒடம்பெல்லாம் மயிர்க்கூச்செடுத்து நிக்குது. வயித்தால போகுது. பச்சத் தண்ணியில குளிக்கச் சொன்னா கிணத்தடியில உக்காந்து நடுங்கறான். பஜனையில உக்கார முடியல, காலை ஒதறிக்கிட்டே இருக்கான். மத்த சாமிக கேட்டாங்க. வயித்துக் கோளாறுன்னு சொல்லிட்டேன். பொய்தான். விரதத்துல பொய் சொல்லக் கூடாது, ஆனா வேற என்னத்தைச் சொல்றது? அவங்கள்ல பாதிப்பேரு நான் மாலை போட்டுத் திருந்துனவங்க.

ஒரு மத்தியானம், இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்கதான் சுருண்டு கெடந்தான். "அப்பா, இந்தக் கால் ரெண்டையும் வெட்டிருங்கப்பா, தாங்க முடியலப்பா"ங்கறான். மாலை போட்டுட்டா அப்பன் மகனெல்லாங் கெடையாது, உங்களுக்குத் தெரியுமில்லைங்க. அவனுஞ் சாமி, நானுஞ் சாமி. அப்பான்னு கூப்புடாதே, சாமின்னு சொல்லுன்னேன். எந்திரிச்சு முட்டி போட்டான். ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு, "சாமி, அந்தச் சென்டருக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க சாமி. ஒரே ஒருக்கா சாமி"ங்கறான். பெத்த பையனுங்க. நான் பூஜை ரூமுக்குள்ள ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். வாயில துண்டை வெச்சு அமுக்கிக்கிட்டு அழுதேன். எனக்கு என்ன கல்லு மனசா? ஆனா கூட்டிட்டுப் போகலைங்க. கெட்டதெல்லாம் வெளிய போகுது, போகட்டும்னு இருந்துட்டேன்.

போயிருச்சுங்க! அதைத்தானே சொல்ல வர்றேன். மார்கழி பொறக்கறப்பவே நடுக்கமெல்லாம் நின்னு போச்சு. சோறு கேட்டு வாங்கிச் சாப்புட்டான். நானே அவனுக்கு இருமுடி கட்டுனேன். வேன் கெளம்பறப்ப மைதிலி வந்து தெருமொனையில நின்னுச்சு. கிட்ட வரலை. என்னைய மட்டும் கூப்புட்டு, "மாமா, மலையில இருந்து வந்ததும் நேரா அவரைச் சென்டருக்குக் கூட்டிட்டுப் போங்க. மருந்து நின்னு இத்தனை நாளாச்சு, இப்ப அவரு ஒடம்பு பழைய மாதிரி இல்லையாம். தப்பித் தவறி முன்ன போட்ட அளவுல ஒருக்காப் போட்டுட்டாக்கூட உசுருக்கு ஆபத்தாம். அந்தக் கவுன்சிலிங் அக்கா உங்ககிட்டயும் அவருகிட்டயும் சொல்லச் சொன்னாங்க"ங்குது. சாமி சரணம் போட்டுக் கெளம்பற நேரத்துல வந்து பேசற பேச்சா இது? எனக்கு வந்த கோவத்துக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு வேன்ல ஏறிட்டேன். லோகுகிட்ட நான் சொல்லலைங்க. போடவே போறதில்லைங்கறவன்கிட்ட, போட்டா என்ன ஆகும்னு எதுக்குச் சொல்லோணும்?

இந்தாங்க, போனைப் பாருங்க. பம்பையில குளிச்சுட்டு நிக்கறப்ப எடுத்தது. முகத்தைப் பாருங்க. அந்தத் தெளிவைப் பாருங்க. எந்த ஆஸ்பத்திரியில குடுப்பாங்க இதை? பதினெட்டாம்படி ஏறுனப்ப அவன் பின்னாடியேதான் நானும் ஏறுனேன். சாமியைப் பாத்ததும் தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன். அய்யனே, எம் பையனைத் திருப்பிக் குடுத்துட்டியேன்னு சத்தமாவே சொன்னேன்.

எறங்கறப்பக் கேட்டானுங்க. மரக்கூட்டத்துக்கிட்ட உக்காந்து சோடா குடிச்சோம். "அப்பா, பயமா இருக்குப்பா"ன்னான். சாமின்னு சொல்லு, மாலை இன்னும் கழுத்துலதான் இருக்குன்னேன். "மாலை இருக்கற வரைக்கும் சரிங்க சாமி. கழட்டுனதுக்கப்பறம் எப்புடின்னு தெரியல. தெனமும் கனவுல அதுதான் வருது. ஊருக்குப் போனதும் சென்டருக்கு ஒரு நடை போயிட்டு வந்தர்றனே"ன்னான். எதுக்குடா, நோவே இல்லாதவன் ஆஸ்பத்திரிக்குப் போவானான்னு கேட்டேன். மிச்சச் சோடாவைக் குடிச்சான். அய்யப்பன் இருக்கறப்ப என்ன பயம்னு முதுகைத் தட்டிக் குடுத்தேன். அவன் முதுகைத் தட்டிக் குடுத்துப் பல வருசமாச்சுங்க. கையெல்லாம் எனக்குச் சந்தோசம்.

செவ்வாக்கெழமை வந்து சேர்ந்தோம். வாசல்ல தேங்காய் ஒடைச்சு, வெளக்குக்கு முன்னால நிக்க வெச்சு, இவங்கம்மா கையால மாலையைக் கழட்டுனா. மைதிலி அப்பவே போன் பண்ணுச்சு, வரட்டுமான்னு. செவ்வாயும் புதனும் வேண்டாம் அம்மிணி, வெள்ளிக்கெழமை நாள் நல்லாருக்கு, பொழுதோட புள்ளையைக் கூட்டிட்டு வான்னேன். புதன்கெழமை கம்பெனிக்குப் போனான். போனையுங் குடுத்துட்டேன். இனி என்ன, பையந்தான் தெளிஞ்சுட்டானே.

வியாழக்கெழமை மத்தியானம் கம்பெனியில இருந்து கூப்புட்டாங்க. பாத்ரூமுக்குப் போனவன் வரலையாம். கதவை ஒடைச்சிருக்காங்க.

ஊசி கையிலயே இருந்துச்சாமுங்க.

தண்ணி குடுங்க. அந்தச் சொம்பை இப்பிடித் தள்ளுங்க.

ஆஸ்பத்திரியில நான் போய்ச் சேர்றப்பத் துணியைப் போத்திட்டாங்க. அங்க இருந்த டாக்டரு கேட்டாரு, "கொஞ்ச நாளா இதெல்லாம் எடுக்காம இருந்தாருங்களா?" ஆமாங்க, ஒரு மண்டலத்துக்கு மேலயே ஆச்சு, மாலை போட்டிருந்தான்னேன். "அதுதானுங்க. ஒடம்புக்குப் பழக்கம் விட்டுப் போச்சு. அவரு பழைய அளவையே போட்டிருக்காரு. ஒடம்பு தாங்கலை, மூச்சு நின்னுருச்சு"ன்னாரு. கேட்டீங்களா? ஒடம்புல பழசு ஒரு சொட்டுக்கூட இல்லைன்னு படிச்ச டாக்டரே சொல்றாரு. எத்தனை சுத்தமா இருந்திருந்தா அந்த ஊசியை ஒடம்பு ஏத்துக்காமப் போயிருக்கும்! அந்தச் சென்டர் மருந்தைத் தின்னுட்டு இருந்திருந்தா இந்தச் சுத்தம் வந்திருக்குமா? நான் இதை எல்லார்கிட்டயும் சொல்றேன். உங்களை மாதிரியேதான் தரையைப் பாக்கறாங்க.

தப்பு எங்கீன்னு நானும் ரோசனை பண்ணாம இல்லைங்க. மைதிலியைத்தான் சொல்லுவேன். நான் வெள்ளிக்கெழமை வான்னு சொன்னா, வெள்ளிக்கெழமை வரைக்கும் ஒருத்தி உக்காந்திருப்பாளா? புருசன் மேல அக்கறை இருந்தா செவ்வாக்கெழமையே ஓடி வந்திருக்கோணுமில்ல? அவ வந்திருந்தா அவன் மறுக்கா ஊசிக்குப் போயிருப்பானா? ஆனா எழவு ஊட்ல, அத்தனை சனத்துக்கு முன்னால, எஞ் சட்டையைப் புடிச்சுக் கேட்டா. "நான் சொன்னதை அவருகிட்டச் சொன்னீங்களா மாமா? சொன்னீங்களா, இல்லையா?" அதையேதான். வேற எதையுமே கேக்கலை. அதுக்கப்பறம் புள்ளையை எங் கண்ணுல காட்டலை. ரெண்டு கார்த்திகை போயிருச்சு. இவங்கம்மா சம்பூர்ணமும் எங்கூடப் பேசறதில்லைங்க. சோறு போடுவா, மாத்திரை எடுத்துக் குடுப்பா, அவ்வளவுதான். இப்ப மாத்திரையை வெச்சுட்டுப் போனாளே, வாயைத் தெறந்தாளா?

உங்க பையனுக்கு இப்ப எங்க பாக்கறீங்க? அதே சென்டருங்களா?

எத்தனை மாசமா? நல்லா இருக்கானா? வேலைக்கும் போறானா? ம். எம் பையனும் போனான். எத்தனை நாளைக்குன்னுதானே உங்களுக்கும் வெசனம். அதுக்குத்தானே வந்திருக்கீங்க.

அங்க ஒரு பொண்ணைப் பாத்திருப்பீங்களே. கண்ணாடி போட்டுட்டு, ஒல்லியா. பசங்களோட வர்ற பொம்பளைககிட்ட உக்காந்து பேசிட்டு இருக்குமாம். வேலைக்குச் சேத்துக்கிட்டாங்களாம் அங்க. அதுதான் மைதிலி. உங்ககிட்டப் பேசுச்சா? பேசுச்சா. என்ன சொல்லுச்சு?

வேண்டாம். சொல்லாதீங்க.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. உக்காருங்க, நான் இன்னும் முடிக்கலை. போன வருசமும் ஒருத்தரு இப்பிடித்தான் பாதியிலயே எந்திரிச்சுப் போனாரு. முந்தா நாளும் ஒரு அம்மா வந்துட்டு, பையனுக்குச் சளின்னு சொல்லிட்டுப் போச்சு. ஊசிப் பசங்களை ஒருத்தருமே எங்கிட்ட விட மாட்டேங்கறாங்க. குடிகாரங்களை விட்டர்றாங்க. அவங்க திருந்துனா என்ன, திருந்தாட்டி என்ன, அது எனக்குப் பத்தாதுங்க. உங்க பையனை மாதிரி ஒரு பையன் வேணும். அந்த மாத்திரையை விட்டுட்டு, மாலையைப் போட்டு, மலை ஏறி எறங்கி, உசுரோட இருக்கோணும். ஒருத்தன் போதும். நான் அவனைக் கையோட கூட்டிட்டுப் போயி மைதிலி முன்னால நிறுத்தி, பாரு அம்மிணி, இவனுக்கு ஒண்ணும் ஆகலை பாருன்னு சொல்லுவேன். அப்பவாவது அது எம் பக்கம் திரும்பிப் பாக்காதா? ஒரே ஒரு மண்டலமுங்க. உங்க பையன் பேரென்ன? அவனை எறங்கி உள்ள வரச் சொல்லுங்க.